முப்பத்தொன்றாம் வளைவில் உருண்ட மோட்டார்

கொல்லிமலையில் இருந்து பலாப்பழம் இறங்கும். மலைக்குப் பலாப்பழம் ஏறியதை யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அன்றைக்குப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு வந்தோம். உருண்டையாக, கனமாக, வாய் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு, டிரைவருக்குப் பின்சீட்டின் அடியில் கிடந்தது. சாக்குக்குச் சொந்தக்காரி முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, மடியில் சாப்பாட்டுக் கூடை.

கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, கொல்லிமலைக்கே பலாப்பழமுங்களா? மேல இருக்கறவங்க கோவிச்சுக்குவாங்க."

"பழம் இல்லைங்க, மோட்டார்," என்றார் அந்தப் பெண். "நான்தான் அங்க வெச்சேன். யார் கால்லயாவது பட்டா எங்கிட்ட சொல்லிடுங்க."

பட்டது என் காலில். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது சாக்கு சீட்டுக்கு அடியில் இருந்து புறப்பட்டு, நேராக வந்து என் கணுக்காலில் மோதி நின்றது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. அந்தப் பெண் எழுந்து வந்து முதலில் என் காலைப் பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இது எத்தனாவது வளைவு?" என்று கேட்டார்.

"முப்பத்தொண்ணு," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை உண்டு.

கூடையில் இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'மோட்டார் 1. முப்பத்தொன்றாம் வளைவில் உருண்டது. ஒரு தம்பியின் கால் தடுத்தது. கட்டாமல் வைத்தது நான்.'

அந்த அக்காவை நான் தெரிந்துகொண்டது இப்படித்தான். பிறகு நான்கு வருடப் பழக்கத்தில் இதைவிட முழுமையாக அவரைச் சொல்லும் வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

அது 2001. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்ட இடங்களில் இருந்தெல்லாம் பதில் வராமல், முள்ளுக்குறிச்சியில் அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை சோளக்காட்டுக் கடைகளுக்குச் சரக்குப் போட மலையேறுவேன். உடம்பெல்லாம் பரபரப்பு; கையில் வேலை இல்லை. அப்படிப்பட்டவனின் காலில் சர்வோ மோட்டார் வந்து மோதினால் என்ன ஆகும்? எழுபதில் மீதி முப்பத்தொன்பது வளைவுகளிலும் அந்த அக்காவைக் கேள்வி கேட்டே படுத்தினேன்.

அவர் திருச்சிப் பக்கம். மலையில் இருந்த அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தம், சளி, சிறுநீர் எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிற வேலை. மலையில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான். அதனால் அவரும் 'சளி டீச்சர்'. அந்தப் பெயரை அவர் மறுத்ததே இல்லை. குவார்ட்டர்ஸின் பின்புறம் தகரக் கொட்டகையில் தானே நகர்ந்து மரத்தையும் உலோகத்தையும் செதுக்கும் ஒரு சின்ன இயந்திரம் கட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சொல்ல, இயந்திரம் வெட்டும். பெரிய தொழிற்சாலைகளில் சிஎன்சி என்று சொல்வதன் பொடி உருவம்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

"பகல் முழுக்க மைக்ராஸ்கோப்புல பாக்குறேன். பாக்குறது எதுவும் நான் செஞ்சது இல்ல. சாயங்காலம் நான் செஞ்சதுன்னு ஒண்ணைப் பாக்கணும் தம்பி."

இயந்திரத்தின் சட்டத்தை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைத்து வாங்கியிருந்தார். அதன் மேல் ஒரு மூலையில் பட்டறைக்காரர் பழக்கதோஷத்தில் பூ டிசைன் வேறு போட்டிருந்தார். மோட்டார்கள் மூன்றும் சேலத்தில் பழைய இரும்புக் கடையில் கிடந்தவை. ஏதோ ஒரு நூல் மில்லில் கழித்துக் கட்டிய மெஷினில் இருந்து வந்தவை. உள்ளே திறந்தால் கரித்தூளும் பஞ்சும். சாதாரண மோட்டாரைச் சுற்றச் சொன்னால் சுற்றும். எவ்வளவு சுற்றினோம் என்று அதற்குத் தெரியாது. சர்வோ மோட்டாரின் வாலில் கோடு போட்ட கண்ணாடித் தட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு அசைவையும் அது எண்ணித் திருப்பிச் சொல்லும். மூன்றையும் ஓட்டும் போர்டுகளை நான் கட்டித் தருகிறேன் என்று பஸ் சோளக்காட்டில் நிற்பதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன். ராசிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் கழித்துப்போட்ட மானிட்டரையும் பெட்டியையும் அடுத்த வாரமே தலைமேல் சுமந்து வந்தேன்.

கொட்டகையின் தகரக் கதவின் உள்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். அதில் சாக்பீஸால் எழுத்து. 'வயர் 4, 5 மாற்றினேன்.' 'இடது திருகுக்கு எண்ணெய்.' 'மோட்டார் 3 இறுக்கினேன், கொஞ்சம் அதிகமாக.' தேதி, நேரம், யார் கை. எதைத் தொட்டாலும் எழுத வேண்டும் என்பது அந்தக் கொட்டகையின் ஒரே சட்டம். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என்னைவிடத் தைரியசாலி, நேராகவே கேட்டார். எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று.

"ஏதாச்சும் கெட்டா தேடப் போறது நான்தானேண்ணே. எழுதி வெச்சா சீக்கிரம் கிடைக்கும்."

அவ்வளவுதான் விளக்கம். அதில் உபதேசம் ஏதும் இல்லை. சமையலறை உப்பு ஜாடியின் மூடியிலேயே ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருப்பார். உடன் இருந்த அவருடைய அம்மாவும் அவருமாக ஒரே ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்ட ஒரு நாளில் இருந்து அந்த ஏற்பாடு.

கதவில் அவர் ஒரு வரி விட்டு ஒரு வரிதான் எழுதுவார். பாதி இடம் வீணாகிறதே என்று கேட்டேன். "மறந்தது ஞாபகம் வந்தா எங்க எழுதுறது?" என்றார்.

முதல் ஓட்டத்தன்று, செதுக்கும் கருவிக்குப் பதிலாக ஒரு பேனாவைக் கட்டி, வட்டம் போடச் சொன்னோம். மோட்டார்கள் மூன்றும் உறுமின. பேனா நகர்ந்தது. நான் கைதட்டத் தயாராக இருந்தேன். காகிதத்தில் வந்தது, லாரிக்கு அடியில் மாட்டி நசுங்கிய பலாப்பழம். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, அதன் கீழே அழகான கையெழுத்தில் 'வட்டம் இல்லை' என்று எழுதி ஆணியில் மாட்டினார். திருகுக்கும் மரைக்கும் இடையே இருந்த ஆட்டத்தைப் பிடித்துச் சரிசெய்ய ஒன்றரை மாதம் ஆனது. வட்டம் வட்டமாக வந்த அன்று அதையும் பக்கத்தில் மாட்டினார். அதன் கீழே எதுவும் எழுதவில்லை.

இந்தப் பழக்கம் கொட்டகைக்குள் மட்டும் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மலையின் ஒரு பகுதியான ஆலத்தூர் நாட்டில் ஒரு சிற்றூரில் சடையன் என்று ஒருவர். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதச் சோதனையில் அவருடைய கண்ணாடித் தகட்டில் வேறு ஒருவருடைய எண்ணைத் தான் தவறாக எழுதிவிட்டதாக அக்காவுக்கு மறுநாள் சந்தேகம் வந்தது. சந்தேகம்தான். வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அவர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை முடித்துக்கொண்டு நேராக நடந்தே போனார். சரக்குப் போட வந்திருந்த நானும் கூடப் போனேன். மிளகுக் கொடிகளுக்கும் சாமை வயல்களுக்கும் நடுவே இரண்டு மணி நேர நடை.

சடையன் வீட்டில் இல்லை. வயலோரத்தில் காவலுக்குப் போட்ட சாளைக் குடிசையில் தனியாகப் படுத்திருந்தார். வீட்டில் நான்கு வயது மகள். குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து மாத்திரை தொடங்கிய நாளில் இருந்து அங்கேதான் படுக்கை. இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டபின் பயமில்லை என்று அக்கா எவ்வளவோ சொல்லியிருக்கிறார். சடையன் கேட்பதாக இல்லை. மாத்திரை எல்லாம் முடிந்து, கடைசிச் சோதனையில் கண்ணாடியில் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஊட்டுக்குள் படுப்பேன் என்று பிடிவாதம்.

அக்கா சாளையின் முன் நின்று, "நேத்து உங்க தகட்டுல நம்பரை நான் தப்பா எழுதியிருக்கலாம். திரும்ப எடுக்கணும்," என்றார்.

சடையன் எழுந்து உட்கார்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "தப்புன்னு சொல்றதுக்கா டீச்சரு இத்தன தூரம் நடந்து வந்தீங்க? சரியா இருந்தாக்கூட யாரும் இங்க வந்து சொல்ல மாட்டாங்களே."

திரும்ப எடுத்த சோதனையும் அதே முடிவைக் காட்டியதில், முதலில் எழுதிய எண் சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. நான்கு மணி நேரம் வீண் என்றேன். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. பசிக்கிறது, அதைத் தவிர வேறு குறையில்லை என்றார்.

சில மாதங்கள் கழித்து, மழைக்கு முன்பு ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் கோளாறு வந்தது. தகட்டை இடமும் வலமும் நகர்த்தும் திருகு சுற்றியது, தகடு நகரவில்லை. உள்ளே இருந்த பித்தளைப் பல்சட்டத்தில், சீப்பின் பல் மாதிரி வரிசையாக முப்பத்தாறு பல்; நடுவில் நான்கு மழுங்கிப் போயிருந்தன. புதிது கேட்டு எழுதினார்கள். வரும், ஆனால் எப்போது என்று தெரியாது. டாக்டர் நல்ல மனிதர். விரலால் தள்ளித் தள்ளிப் பாருங்களேன் அம்மா, எல்லா ஊரிலும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றார்.

அக்கா மறுத்துவிட்டார். சளித் தகட்டில் நூறு இடங்களை வரிசையாகப் பார்த்தால்தான் கிருமி இல்லை என்று சொல்லலாம். விரலால் தள்ளினால் பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்திருக்கலாம், பார்க்காத இடம் விட்டுப்போயிருக்கலாம். "நூறுன்னு எழுதி கையெழுத்துப் போடணும் சார். எனக்கு நூறுன்னு தெரியாது." அன்றில் இருந்து சளித் தகடுகள் கீழே நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போயின. முடிவு வர ஒரு வாரம், சில சமயம் இரண்டு. ஆறு மாத மாத்திரையை முடித்துவிட்டுக் கடைசிச் சோதனைக்கு வந்த சடையனிடம் அக்கா 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் வந்தார். தகடு வழியில் உடைந்துவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்று சேதி. மறுபடியும் அடுத்த வாரம். அவர் திரும்பிச் சாளைக்கு நடந்தார்.

அன்று மாலை அக்கா மழுங்கிய பல்சட்டத்தைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டு வந்தார். பித்தளைப் பட்டையில் சம இடைவெளியில் முப்பத்தாறு பல் வெட்ட நம் இயந்திரத்தால் முடியாதா? முடியும். நான் துள்ளினேன். கடையில் இருந்து துளைப்பான் ஊசி கொண்டுவந்து முனையைப் பல்லின் வடிவத்துக்குத் தீட்டித் தந்தேன்.

ஆனால் கொண்டு வருவதற்கு முன் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி இருப்புப் பதிவேட்டில் எழுதினார்: 'மைக்ராஸ்கோப்பின் பல்சட்டம் என்னால் கழற்றப்பட்டது. புதிது செய்வதற்காக என் குவார்ட்டர்ஸில் உள்ளது.' எழுதாமல் இருந்திருந்தால், அடுத்த வாரம் இருப்புச் சரிபார்க்க வந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. மைக்ராஸ்கோப்பு ஒன்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போயிருப்பார். எழுதியிருந்ததால் படித்தார். அரசுச் சொத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனது ஏன் என்று மெமோ வந்தது. பதில் சொல்ல இரண்டு வாரம். அதற்குள் மைக்ராஸ்கோப்பு வேலை செய்யாவிட்டால் நடவடிக்கை.

இனி என் பங்கு.

பல்சட்டம் வெட்டத் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அக்கா நாமக்கல்லுக்கு மீட்டிங் போயிருந்தார். சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். இரண்டாம் மோட்டாரில் இருந்து கரித்தூள் கசிவதைப் பார்த்தேன். அதுதான் மேசையை இடம் வலமாக நகர்த்தும் மோட்டார். பல்லின் இடைவெளி அதன் கையில். திறந்தேன். நடுவில் சுற்றும் ரோட்டரை முழுசாக வெளியே உருவி, காந்தக் கூட்டுக்குள் துணி விட்டுத் துடைத்து, பளபளவென்று ஆக்கி, திரும்ப மாட்டினேன். கதவில் எழுதவில்லை. சுத்தம் செய்ததை எவனாவது எழுதுவானா? மறுநாள் அக்கா வந்து அதே மோட்டாருக்கு, மின்சாரத்தை உள்ளே கடத்தும் கரிப் பிரஷ் மாற்றி, அதை எழுதினார்.

வெட்டத் தொடங்கினோம். எட்டுப் பல் அழகாக வந்தது. ஒன்பதாவது பல்லில் மோட்டார் திணறி, போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது. மோட்டாரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆறவிட்டு மறுபடி ஓட்டினோம். மறுபடி ஒன்பது. ஒரு முறை பத்து. பித்தளைப் பட்டைகள் குப்பையில் சேர்ந்தன.

அக்கா கதவின் கடைசி வரியில் இருந்து மேல் நோக்கிப் படித்து, செய்த ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எண்ணெய், வயர், திருகு. என் போர்டைக் கழற்றிச் சோதித்தேன், குறையில்லை. கடைசியில் மிஞ்சியது அவர் மாற்றிய பிரஷ். "நான் போட்ட பிரஷ்தான் தம்பி. வேற யாரும் அதைத் தொடலையே," என்றார். பழைய பிரஷைத் திரும்பப் போட்டார். அப்போதும் ஒன்பது. பிரஷ் மாற்றியதில் தன் கை ஏதோ கெடுத்துவிட்டது என்று மெமோவுக்கான பதிலிலும் எழுதத் தொடங்கினார்.

நான் துடைத்ததுதான் காரணம் என்று எனக்கு அப்போது உண்மையாகவே தெரியாது. ராசிபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற ஒருவரிடம் போய்ச் சும்மா விசாரித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ரோட்டரை வெளிய உருவுனீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். "இந்தப் பழைய மாடலுக்குள்ள இருக்கற காந்தத்துக்கு எப்பவும் நடுவுல இரும்பு இருக்கணுமுங்க. உருவுன நிமிசமே பாதிப் பலம் போயிரும். திரும்ப மாட்டுனாலும் வராது. துடைச்சே கொன்னுட்டீங்க சாமி."

அந்த நிமிஷத்தில் இருந்து எனக்குத் தெரியும். அடுத்த வாரம் நான் மலையேறவில்லை. காய்ச்சல் என்று, சோளக்காட்டுக்குப் போகிற ஒரு கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அந்தக் கடைக்காரர் ஒரு பொட்டலத்தோடு எங்கள் கடைக்கு வந்தார். பஞ்சில் சுற்றிய சுத்தமான கண்ணாடித் தகடு ஒன்று, கூட ஒரு சீட்டு. மலேரியாவாக இருக்கலாம், உடனே பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார். சீட்டில் என் பெயரும் வயதும் அக்காவின் கையெழுத்தில். அதன் கீழே, 'காய்ச்சல் தொடங்கிய நாள்:' என்று எழுதி, நான் நிரப்புவதற்காக இடம் விட்டிருந்தார்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு கடையில் உட்கார முடியவில்லை. அத்தாவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

கொட்டகையில் இருந்தார். "காய்ச்சல் எப்ப வந்துச்சு?" என்றார்.

"வரலக்கா."

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது மோட்டாரை நான் திறந்தேன். ரோட்டரை உருவித் துடைச்சேன். அதுல காந்தம் போயிடுச்சு. பிரஷ் இல்லக்கா. நான்தான்."

"என்னைக்கு?"

"நீங்க மீட்டிங் போன அன்னைக்கு."

கதவுப் பக்கம் திரும்பி விரலை வரிகளின் மேல் ஓட்டினார். பிரஷ் மாற்றிய வரிக்கு மேலே, விட்டிருந்த இடைவெளியில் விரல் நின்றது. சாக்பீஸை என் பக்கம் நீட்டினார். எழுதினேன். என் எழுத்து பெரியது. அந்த இடத்துக்குள் அடங்க மிகவும் சுருக்க வேண்டியிருந்தது.

"எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அதையும் எழுதுங்க."

வழக்கமாக நான் போனதும் டீ வரும். அன்று வரவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோட்டாரின் திருகுகளைக் கழற்றிக்கொண்டே, "சடையன் மூணு தடவை நடந்துட்டார் தம்பி. இன்னும் முடிவு வரல," என்றார்.

பிறகு ஒரு கைத்துளைப்பானால் மூன்று மோட்டார்களின் தண்டையும் ஒரே வேகத்தில் சுற்றி, வருகிற மின்சாரத்தை அளந்தோம். இரண்டு மோட்டார்கள் பன்னிரண்டு வோல்ட் காட்டிய இடத்தில் என்னுடையது ஏழு காட்டியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா யோசித்தார். தூக்கி எறிவார் என்று நினைத்தேன். "ஏழு இருக்குல்ல," என்றார். "ஏழுக்கு ஏத்த வேலை குடுப்போம்."

வெட்டும் கருவியை மேலும் கீழும் தூக்கி இறக்கும் வேலைதான் மூன்றாம் மோட்டாருக்கு. பல் வெட்டும்போது அது ஓர் ஆழத்தில் அசையாமல் நின்றால் போதும். கருவியின் பாரத்தைச் சமன்செய்து ஓர் எதிர்ப்பாரம் தொங்கவிட்டால், ஏழு காட்டும் மோட்டாரே தாராளம். மூன்றாவது இடத்தில் இருந்த நல்ல மோட்டாரை மேசைக்கு மாற்றலாம். எதிர்ப்பாரத்துக்கு இரண்டு கிலோ எடைக்கல் வேண்டும் என்று என்னைச் சோளக்காட்டுக்கு விரட்டினார். மிளகு வியாபாரி ஒருவரிடம் கெஞ்சி, மறுநாள் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் மெமோவுக்கான பதிலைக் கிழித்துப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். "உங்க பேரைப் போடணும் தம்பி," என்றார். அனுமதி கேட்கிற குரல் இல்லை அது. முன்கூட்டித் தெரிவிக்கிற குரல். என் பெயர் அரசாங்கக் காகிதத்தில் தப்புக்காரனாகப் போகிறது, அத்தா காதுக்கு எட்டினால் என்ன ஆகும்? போடுங்கக்கா என்றேன்.

எடைக்கல்லைக் கட்டக் கயிறு எடுக்கக் கதவுப் பக்கம் போனேன். நான் சுருக்கி எழுதிய வரிக்கும் பிரஷ் வரிக்கும் நடுவே, இடமே இல்லாத இடத்தில், எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

'சாவி கொடுத்தது நான்.'

மெமோவுக்கான பதிலிலும் அப்படியே. மோட்டாரைக் கெடுத்தது இன்னார். கொட்டகையின் சாவியைக் கொடுத்தது நான். பல்சட்டத்தைக் கழற்றியது நான். என்னை மறைக்கவும் இல்லை, எனக்குப் பின்னால் மறையவும் இல்லை. பிற்பாடு அந்தப் பதிலைப் படித்தும் அவருடைய பணிப்பதிவேட்டில் ஒரு கண்டிப்பை எழுதினார்கள். அவர் அதன் கீழே, படித்துப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டார்.

எடைக்கல் கட்டிய மறுநாள் விடிந்ததும் வெட்டினோம். எட்டு. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். ஒன்பது. பத்து. அக்கா மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. மில்லில் நூல் இழுத்த மோட்டார். லாரிப் பட்டறைச் சட்டம். ஓர் ஓரத்தில் மிளகு நிறுக்கும் எடைக்கல் மெல்ல ஆடியது. முப்பத்தாறாவது பல் முடிந்து மேசை தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியது. அக்கா உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் பல்சட்டத்தைப் பொருத்தித் திருகைச் சுற்றினார். தகடு இடம் போனது. வலம் வந்தது. பதிவேட்டில் எழுதினார். பத்து மணி வாக்கில் சடையன் வந்தார், கையில் சளி டப்பாவோடு. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "அடுத்த வாரமுங்களா டீச்சரு?" என்று கேட்டார், கேட்டுவிட்டுத் திரும்பிப் போகவும் தயாராகத்தான் நின்றார்.

"இல்ல. உக்காருங்க. இன்னைக்கே."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எடைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தகட்டில் தடவி, சாயம் போட்டு, காயவைத்து அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு திருகு சுற்றும் சத்தம் மட்டும். கொஞ்சம் சுற்றுவார், நிற்பார், பார்ப்பார், இடது கையால் காகிதத்தில் ஒரு கோடு போடுவார். நானும் கோடுகளை எண்ணினேன். எழுபதில் எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. அவருக்குத் தவறவில்லை.

நிமிர்ந்து, பேனாவை எடுத்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் திரும்பினார்.

"ஒண்ணும் இல்ல சடையன். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குள்ள படுங்க."

சடையன் எழுந்து நின்றார். முகத்தில் இன்னும் எதுவும் மாறவில்லை.

"எழுதிட்டீங்களா டீச்சரு?"

"எழுதிட்டேன்."

அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார்.